கையளவுதான் துப்பாக்கி

மணியாச்சி பிரவுனிங் முதல் பாரிஸ் ஏர் பிஸ்டல் வரை: எந்தக் கைக்கு எது பொருந்தும்?

கரிசல் மண்ணில் அதிகம் பேசப்பட்ட கைத்துப்பாக்கி, பெல்ஜியத்தில் செய்த ஒரு பிரவுனிங் பிஸ்டல். 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ், மனைவி மேரியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டு, மணியாச்சி ஜங்ஷனில் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலில் அந்தப் பெட்டியைக் கோர்க்க வேண்டும். அந்த இடைவெளியில் செங்கோட்டை வாஞ்சிநாதன் வந்து அவரைச் சுட்டார். பிறகு நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் மாய்த்துக்கொண்டார். போலீஸ் கைப்பற்றியபோது பிஸ்டலில் ஒரு தோட்டாவும் மிச்சமில்லை.

நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சம்பவத்தின் அரசியலைப் பேசியிருக்கிறோம், சாதியைப் பேசியிருக்கிறோம், வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தைப் பேசியிருக்கிறோம். அந்தக் கருவியைப் பற்றியும் அதைப் பிடித்த கையைப் பற்றியும் பேசியது குறைவு. வாஞ்சி புனலூரில் வனத்துறைப் பணியில் இருந்தவர். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடக் கற்றார். எதிரே இருப்பவரைக் கை எட்டும் தூரத்தில் நின்று சுடுவதற்கே ஒருவர் ஊர்விட்டு ஊர் போய்ப் பழக வேண்டியிருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். கைத்துப்பாக்கியைப் போலக் கையை நம்பியிருக்கும் ஆயுதம் வேறில்லை. ரைபிளுக்குத் தோள் இருக்கிறது, கன்னம் இருக்கிறது, இரண்டு கைகள் இருக்கின்றன. கைத்துப்பாக்கியைத் தாங்குவது மணிக்கட்டும் ஒரு உள்ளங்கையும்தான்.

இந்தப் பிஸ்டலின் ரிஷிமூலம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கிறது. ஆக்டன் என்ற ஊரில் துப்பாக்கிப் பட்டறைக்காரரின் மகனாகப் பிறந்தவர் ஜான் மோசஸ் பிரவுனிங். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டால் நகரில் இருந்த எஃப்.என். ஆலை அவருடைய பிஸ்டலைத் தயாரிக்கத் தொடங்கியது. அதுவரை கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் உருளை சுழலும் ரிவால்வர். இடுப்பில் உறையோடு தொங்கும், வெளியே துருத்தித் தெரியும். பிரவுனிங் செய்தது தட்டையானது. கோட்டுப் பையில் அடங்கும். தோட்டா வெடிக்கும் உதையைக் கொண்டே காலிக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். அதற்கென்றே அவர் வடித்த தோட்டாதான் 7.65 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் .32. மணியாச்சிக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1914-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட பிஸ்டலும் அதே ஹெர்ஸ்டால் ஆலையின் இன்னொரு பிரவுனிங்தான். பிரவுனிங் 1926-இல் அந்த ஆலையில் வேலையில் இருந்தபோதே இறந்தார்.

அவர் 1890-களில் வடித்த அந்த .32-ஐத்தான், இன்றைக்கும் கோவில்பட்டியில் ஒருவர் முறையாக லைசென்ஸ் வாங்கினால் பிஸ்டலில் போட முடியும்.

போரை (குழல் அளவை)த் தேர்ந்தெடுப்பது நாமல்ல

இன்றும் அந்த .32-தான் என்பதற்குக் காரணம் நம் சட்டம். கரிசல் சீமைக்கும் ஆயுதச் சட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801-இல் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மண்ணால் மறுபடி எழுப்பினார். அந்தக் கோட்டையைக் கும்பினிப்படை மே மாதம் பிடித்தது. டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பிரகடனம் போட்டார்: பாளையக்காரர்களுக்கு இனிப் படை கிடையாது, கோட்டை கிடையாது, குடிகள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். ஈட்டியும் ரஞ்சகத் துப்பாக்கியும் வைத்திருந்த ஒரு நாடு அப்போது நிராயுதபாணி ஆனது. 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ், வெள்ளைக்காரனுக்கு விலக்கு. விடுதலைக்குப் பிறகு அதற்குப் பதிலாக 1959-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. லைசென்ஸ் முறை மட்டும் தொடர்ந்தது. தொடர்ந்தது நல்லதுதான் என்பது என் கருத்து.

இந்தச் சட்டத்தின்படி ராணுவமும் போலீசும் புழங்கும் அளவுகள் பொதுமக்களுக்குத் தடை. 9 எம்.எம்., .38, .455 எல்லாம் அதில் அடங்கும். படைக்கிடங்கிலிருந்து தோட்டா வெளியே கசியக்கூடாது என்ற பழைய எச்சரிக்கை அது. ஆகவே சாதாரணக் குடிமகனுக்குக் கைத்துப்பாக்கியில் நடைமுறையில் மிஞ்சுவது .32-உம் .22-உம்தான். அமெரிக்காவில் ஒருவர் கடைக்குள் நுழைந்து இருபது வகை அளவுகளில் எதை எடுக்கலாம் என்று யோசிப்பார். இங்கே அந்த யோசனையைச் சட்டம் முடித்துவைத்துவிட்டது. நமக்கு மிஞ்சுவது எடை, கைப்பிடி, விசை. நல்லவேளையாக, துப்பாக்கி பொருந்துவதும் பொருந்தாததும் பெரும்பாலும் அந்த மூன்றில்தான் இருக்கிறது.

வாங்கப் போகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிவால்வருக்கான .32-உம் பிஸ்டலுக்கான .32-உம் வேறு வேறு தோட்டாக்கள். குண்டின் குறுக்களவு ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ரிவால்வர்த் தோட்டாவின் கூடு நீளமானது, அடியில் விளிம்பு உண்டு. அதன் ஈயக் குண்டு ஆறு கிராமை ஒட்டிய எடையில் மெதுவாகப் போகும். பிஸ்டல் தோட்டாவின் குண்டு நாலரை கிராம் அளவில் இருக்கும், வேகம் அதிகம். ஒன்றுக்கு வாங்கிய தோட்டா மற்றதற்கு உதவாது.

.32 போதுமா என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. ஆற்றல் கணக்கில் அது 9 எம்.எம்.-இல் பாதியைக்கூட எட்டாது. ஆனால் குண்டு எங்கே படுகிறது என்பதுதான் முதல் கேள்வி, எவ்வளவு பெரியது என்பது அதற்குப் பிறகு. 1967 ஜனவரி 12-இல் ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. அவர் பிழைத்தார், ஆனால் குரல் மாறியது. தன்னைச் சுட்டுக்கொண்ட ராதாவும் பிழைத்தார். கைத்துப்பாக்கியின் காயத்தை முன்கூட்டி எவராலும் கணித்துச் சொல்ல முடியாது. பெரிய போர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர் சினிமாவை நம்புகிறார்.

கை சொல்வதைக் கேட்க வேண்டும்

மண்வெட்டிக்குக் காம்பு போடும்போது நம் சம்சாரி எப்படிப் பார்ப்பார்? பிடித்துப் பார்ப்பார், ஒரு வீச்சு வீசிப் பார்ப்பார், ஆசாரியிடம் இன்னும் கொஞ்சம் இழைக்கச் சொல்வார். ஒருவருக்கு வாகாக இருக்கும் காம்பு இன்னொருவர் கையில் கொப்புளம் போடும். துப்பாக்கிக் கைப்பிடிக்கும் இதே பார்வைதான் வேண்டும்.

முதலில் உள்ளங்கை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள கவைப்பகுதி, கைப்பிடியின் பின்புறத்தில் எவ்வளவு மேலே ஏற முடியுமோ அவ்வளவு மேலே பதிய வேண்டும். குழல் முன்கை எலும்பின் நேர்கோட்டில் நிற்க வேண்டும். பிடி கீழே இறங்கினால், சுடும்போது குழல்முனை மேலே எகிறும். கைப்பிடி தடிமனாக இருந்து கை சின்னதாக இருந்தால், சுட்டுவிரல் விசையை எட்டுவதற்காக மொத்தக் கையும் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். அப்போது உதை உள்ளங்கைக்குள் இறங்காமல் பெருவிரல் கணுவில் போய் இடிக்கும். நாலு முறை சுட்டதும் ஐந்தாவது முறைக்குக் கை தானாகப் பயப்படத் தொடங்கும்.

அடுத்தது சுட்டுவிரல். அதன் நுனிச்சதையின் நடுப்பகுதி விசையில் படவேண்டும். நகத்தருகே பட்டால் துப்பாக்கி ஒரு பக்கம் தள்ளும். முதல் மூட்டு மடிப்பில் பட்டால் மறுபக்கம் இழுக்கும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்ணின் மெல்லிய நீள விரலுக்கும், மானாவாரிக் காட்டில் களை வெட்டிக் காய்த்த விரலுக்கும் ஒரே கைப்பிடி சரிவராது.

கடையில் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. துப்பாக்கி காலியாக இருப்பதைக் கடைக்காரரும் நீங்களும் தனித்தனியே திறந்து பார்த்த பிறகு, ஆள் இல்லாத சுவர்ப்பக்கம் திரும்பி நில்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை இயல்பாக உயர்த்துங்கள். கண்ணைத் திறந்ததும் முன்குறியும் பின்குறியும் ஏறத்தாழ ஒரே கோட்டில் இருந்தால் கைப்பிடியின் சாய்வு உங்கள் மணிக்கட்டுக்கு ஒத்திருக்கிறது. முன்குறி மேலே நின்றாலோ தாழ்ந்து நின்றாலோ, ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை முறுக்கித்தான் குறிபார்க்க வேண்டியிருக்கும். சேர்ந்தாற்போல் பத்துத் தடவை செய்தாலே கை சொல்லிவிடும்.

சித்திரை வைகாசியில் கோவில்பட்டி வெயிலில் நின்றவர்களுக்கு வியர்வை எப்படிப்பட்டது என்று தெரியும். வழுவழுப்பான பிளாஸ்டிக் கைப்பிடி அப்போது சோப்புக்கட்டி ஆகிவிடும். கட்டம்கட்டமாகச் சொரசொரப்பு வெட்டிய மரப்பிடியோ ரப்பர்ப்பிடியோ நல்லது. கரிசல் புழுதியும் ஒரு விஷயம். காற்றுக்காலத்தில் அது எங்கும் நுழையும். எண்ணெயோடு சேர்ந்தால் பசையாகி, தானே தோட்டா ஏற்றும் பிஸ்டலின் நகரும் பாகங்களில் அப்பிக்கொள்ளும். ரிவால்வர் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பிஸ்டல் வைத்திருப்பவர் துடைப்பதில் சோம்பல் காட்டக்கூடாது.

எடை குறைந்தால் உதை கூடும்

புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது எடையில்தான். லேசாக இருந்தால் சுலபம் என்று நினைக்கிறார்கள். தூக்கிக்கொண்டு திரிவதற்குச் சுலபம், சுடுவதற்குச் சிரமம்.

2014-இல் கான்பூர் அரசு ஆயுத ஆலை 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைக் கொண்டுவந்தது. டில்லிப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு பெண்களை மனதில் வைத்து விளம்பரப்படுத்தப்பட்ட துப்பாக்கி. எடை 500 கிராம். அப்போது விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். 2023-இல் கான்பூரைத் தலைமையகமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனம் 'பிரபல்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. எடை 675 கிராம். இரண்டிலும் தோட்டா ஒன்றே. ஆனால் பள்ளிக்கூட இயற்பியல்படி, ஒரே தோட்டாவைச் சுடும்போது கையில் இறங்கும் உதையின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 675-ஐ 500-ஆல் வகுத்துப் பாருங்கள். லேசான துப்பாக்கியின் உதை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. பெண்களுக்கு என்று சொல்லி எடையைக் குறைத்தவர்கள், சின்னக் கைக்குப் பெரிய உதையைக் கொடுத்தார்கள். இதை விற்பனைக்காரர்கள் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

விசையிலும் இதே கதை. ரிவால்வரின் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து வைக்காமல் நேரே விசையை இழுத்தால், அதை அசைக்கவே நாலைந்து கிலோ அழுத்தம் வேண்டியிருக்கும். ஈசாப்பூர் ஆலையின் .22 ரிவால்வர் 'நிடர்' வெறும் 250 கிராம். இவ்வளவு லேசான பொருளை, அதன் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தத்தால் ஒரு விரல் இழுக்கும்போது குழல் அசையாமல் நிற்பது எப்படி? நல்ல பயிற்சி உள்ளவரால் முடியும். புதியவரால் முடியாது.

பிரபல் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். நம் அரசு ஆலைகளின் பழைய ரிவால்வர்கள் வெப்லி பாணியில் நடுவில் மடங்கித் திறப்பவை. பிரபலில் உருளை மட்டும் பக்கவாட்டில் வெளியே வரும். நிரப்புவதும் காலி செய்வதும் கைக்குச் சிரமமில்லாத வேலை.

வெளிநாட்டுப் பிஸ்டல் வேண்டுமென்றால், 1980-களின் நடுவிலிருந்து தனியார் இறக்குமதி நின்றுபோனதால், அதற்கு முன்பு வந்தவைதான் கைமாறிக் கைமாறிச் சுற்றுகின்றன. பழைய பிரவுனிங்குக்கும் வால்தருக்கும் லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். சுருள்வில் தளர்ந்து, விசை தேய்ந்து, யாரோ ஒரு ஜமீன்தாரின் கைக்கு ஏற்றபடி இழைத்த பிடியோடு வரும் பொருள் அது. பெருமைக்கு வாங்கலாம், உபயோகத்துக்கு வேண்டாம்.

யாருக்குத் தேவை?

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டாரங்களில் துப்பாக்கி லைசென்ஸ் என்ற பேச்சு இன்று காட்டுப்பன்றியோடு சேர்ந்தே வருகிறது. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும்போது ஒரு ராத்திரியில் கூட்டமாக இறங்கி மொத்தக் காட்டையும் உழுதுவிட்டுப் போகின்றன. குருமலைப் பக்கம் மான் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. சம்சாரியின் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் கைத்துப்பாக்கி அதற்கு மருந்தாகாது. இருட்டில், ஓடும் பன்றியை .32-ஆல் சுடுவது காயம்பட்ட பன்றியைத் தன்மேல் பாயவைக்கும் வழி. தவிர, காட்டுயிரைச் சுடும் அதிகாரம் லைசென்ஸோடு வருவதில்லை. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு கொண்டுவந்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் பொறுப்பு வனத்துறைக்கே.

தற்காப்புக்கு என்று மனு கொடுப்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: மாதம் எத்தனை தோட்டா சுட்டுப் பழகப் போகிறீர்கள்? லைசென்ஸ்காரருக்குத் தோட்டா அளவாகத்தான் கிடைக்கும். சுட்டுப் பழகத் தோதான மைதானம் பக்கத்தில் இராது. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். மற்ற நாட்களில் அது பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும், பூட்டித்தான் வைக்க வேண்டும், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் சுடாத கை, பதற்றமான ஒரு நிமிடத்தில் பீரோவைத் திறந்து எடுத்துச் சரியாகச் சுட்டுவிடும் என்று நம்ப இடமில்லை. பிடி எவ்வளவு வாகாக இருந்தாலும் பழக்கம் இல்லாத கைக்கு அது அந்நியப் பொருள்தான். நகைக்கடை, வங்கிப் பணம் என்று உண்மையான ஆபத்தோடு தொழில் செய்பவர்கள் தவிர, கரிசல் வட்டாரத்தில் .32 தேவைப்படுபவர்கள் மிகச் சிலரே என்பது என் தீர்மானமான எண்ணம்.

நமக்கேற்ற போர் 4.5 மில்லிமீட்டர்

கைத்துப்பாக்கியின் மேல் உண்மையான ஆசை உள்ளவர்களுக்கு வேறொரு கதவு திறந்திருக்கிறது. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல். 4.5 மில்லிமீட்டர், அதாவது .177. 2016 ஆயுத விதிகளின்படி இந்த அளவில் 20 ஜூலுக்கு மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் ஆறு ஜூலை ஒட்டியே நிற்கும். அரைகிராம் ஈயக்குண்டு, ஒரு கிலோவை ஒட்டிய பிஸ்டல். உதை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

உதை இல்லாததால் கையின் குறை ஒவ்வொன்றும் அட்டையில் அப்படியே தெரியும். பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். 75 நிமிடத்தில் 60 குண்டு. ஒற்றைக் கையால்தான் பிடிக்க வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் திக்கெச் மறுகையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு வெள்ளி வாங்கியதை உலகமே பார்த்தது. அது பகட்டு இல்லை, பல வீரர்கள் அப்படித்தான் நிற்பார்கள். சும்மா இருக்கும் கை ஆடினால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் பத்து எட்டாகும்.

கைப்பிடி என்ற கலை முழுமையாக மலர்ந்திருப்பது இந்த விளையாட்டில்தான். மொரினி, ஸ்டேயர், வால்தர், பார்தினி என்று எந்த நிறுவனத்தின் பிஸ்டலை எடுத்தாலும் கைப்பிடி மரத்தில் இருக்கும், சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவும், இடக்கை வலக்கை என்று பிரிவும் உண்டு. அதுவும் போதாமல் வீரர்கள் மரத்தை அரத்தால் ராவி, பள்ளமான இடத்தில் மரப்பசையை அப்பிக் காயவிட்டுத் தங்கள் கையின் வடிவத்தை அதில் ஏற்றுவார்கள். உள்ளங்கையின் அடிப்பக்கம் தாங்கும் பலகையை ஏற்றி இறக்கலாம். விசையை முன்னும் பின்னும் நகர்த்தலாம். விதி சொல்வது சிலதான்: விசையின் இழுப்பு எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது, பிஸ்டல் ஒன்றரைக் கிலோவைத் தாண்டக்கூடாது, பிடி மணிக்கட்டைச் சுற்றிக் கட்டக்கூடாது.

மனு பாக்கரின் கதையை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 2021-இல் டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே அவருடைய பிஸ்டல் பழுதாகி, பொன்னான நிமிடங்கள் போய், இறுதிச் சுற்று கைநழுவியது. மூன்று ஆண்டுகள் கழித்து 2024 ஜூலை 28-இல் பாரிஸில் 221.7 புள்ளிகளோடு வெண்கலம். ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடுதலில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்கோடு இன்னொரு வெண்கலம். தமிழ்நாட்டிலும் இந்த விளையாட்டுக்கு ஆள் இருக்கிறது. 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் பதக்கங்கள் வென்றபோது ரைபிள் கிளப் வாசலில் கூடிய கூட்டம் அவருக்காக வந்தது. அந்தக் கூட்டத்தில் பத்துப் பேராவது உள்ளே போய்ச் சுட்டுப் பழகியிருந்தால் நல்லது.

கோவில்பட்டிக்கு விளையாட்டில் ஒரு பேர் உண்டு. செயற்கைப் புல்தரை ஹாக்கி மைதானமும் அரசு ஹாக்கி விடுதியும் இருக்கும் ஊர். மாரீஸ்வரன் சக்திவேலை இந்திய அணிக்கு அனுப்பிய ஊர். ஹாக்கிக்கு அவ்வளவு பெரிய தரை வேண்டும். ஏர் பிஸ்டலுக்கு வேண்டியது பத்து மீட்டர் தூரம் உள்ள ஒரு நீள அறை, குண்டு தெறிக்காத பின்சுவர், நல்ல வெளிச்சம், பயிற்சி பெற்ற ஒரு ஆசிரியர். நம்மூர்ப் பள்ளிக்கூடங்களில் அப்படி ஓர் அறை கிடைக்காமல் போகாது. ஒரு பிஸ்டலை எட்டுப் பத்துப் பிள்ளைகள் மாற்றி மாற்றிச் சுட்டுப் பழகலாம். ஓட்டமோ உயரமோ பலமோ இல்லாத பிள்ளைக்கும் இதில் இடமுண்டு. தீப்பெட்டி ஆபீஸ் பெண்களின் பிள்ளைகளுக்கு நிதானமும் விரல் நேர்த்தியும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மாவட்ட விளையாட்டு அலுவலகமும் பள்ளி நிர்வாகங்களும் ஊரின் ஆலை முதலாளிகளும் சேர்ந்து முதல் நாலு பிஸ்டலுக்கு வழி செய்ய வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று நினைக்கிற பெற்றோருக்கு: கோவில்பட்டியிலிருந்து மதுரை நூறு கிலோமீட்டர். அங்கே ரைபிள் கிளப் இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை போய் வாருங்கள். பிஸ்டல் வாங்கும் பேச்சை அங்கே எடுக்காதீர்கள். கிளப் பிஸ்டல்கள் நாலைந்தை முதலில் பிள்ளை பிடித்துப் பார்க்கட்டும்.